ஆழத் தகவலைக் கொண்டு வீடியோவில் பின்னணியைப் பிரித்தல்: ஒரு வீணை வகுப்புப் பதிவை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கூடத்தில் வீணை வகுப்பு ஒன்றைப் பதிவு செய்கிறோம். பின்னால் உள்ள சுவர், ஜன்னல், திரைச்சீலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வாசிப்பவரையும் வீணையையும் மட்டும் வேறொரு பின்னணியில் வைக்க வேண்டும். இணையவழிக் கூட்டங்களுக்கான மென்பொருள்களில் இருக்கும் பின்னணி நீக்கும் வசதியை இதற்குப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும். அவை மனித உருவத்தை அடையாளம் காணப் பழக்கப்பட்டவை. தலையும் தோளும் ஒழுங்காக வரும். யாளி முகம் பாதியில் வெட்டுப்படும். சுரைக்குடுக்கை ஒரு கணம் இருக்கும், மறுகணம் காணாமல் போகும். வீணை என்ற பொருளே அந்த மென்பொருளுக்குத் தெரியாது என்பதுதான் காரணம்.

ஆழத் தகவலுக்கு அந்தக் குறை இல்லை. முன்னால் இருப்பது மனிதரா, மரமா, பட்டா என்று அது கேட்பதில்லை. கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. 1990களின் நடுவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டகேயோ கனாடேயின் குழு, பல கேமராக்கள் கொண்ட ஸ்டீரியோ இயந்திரம் ஒன்றை அமைத்து, நிறத்துக்குப் பதிலாகத் தொலைவை வைத்தே வீடியோவில் பொருள்களை உடனுக்குடன் வெட்டி ஒட்டிக் காட்டியது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் ஆழக் கேமராவான கினெக்ட் விற்பனைக்கு வந்த பிறகு அதே வேலை வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

இந்த வழியில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஆழப் படத்தில், அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்குப் பதிலாகத் தொலைவு எழுதப்பட்ட படத்தில், இரண்டு மீட்டருக்கு அப்பால் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துச் செய்து பார்ப்பார்கள். உருவத்தைச் சுற்றிக் கத்தரிக்கோலால் குழந்தை வெட்டியதைப் போன்ற ஓரம் வரும். ஆழக் கேமரா பயனற்றது என்று பெட்டியில் போட்டுவிடுவார்கள். எது முன்னால், எது பின்னால் என்ற கேள்விக்கு மட்டுமே ஆழம் நம்பத்தக்க பதிலைத் தரும். ஓரம் சரியாக எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு நிறப் படத்திடம்தான் பதில் உண்டு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டு, பதில்களைச் சேர்க்கும் முறையை ஒட்டியவை.

படி 1: ஆழம் தேவைதானா என்று முடிவு செய்தல்

பச்சைத்திரை கட்ட இடமும் விளக்குகளும் இருந்தால் பச்சைத்திரையே கட்டுங்கள். ஓரத்தின் தரத்தில் அதற்கு இணை இல்லை. ஒருவர் மட்டும் கையில் எதுவும் இல்லாமல் பேசுகிறார் என்றால் மனித உருவம் பிரிக்கும் மென்பொருளே போதும். வாத்தியம், சமையல் பாத்திரம், தறி, தையல் இயந்திரம் என்று ஏதாவது ஒரு பொருளோடு மனிதர் இருந்து, திரை கட்டவும் வழியில்லை என்றால்தான் ஆழக் கேமராவுக்குச் செலவிடும் பணமும் நேரமும் நியாயமாகும்.

படி 2: ஆழம் எங்கிருந்து வரப்போகிறது

அளவிடும் முறைகள் மூன்று வகைப்படும். ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு அளப்பது முதல் வகை. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற விளையாட்டுக் கருவியுடன் வந்த இரண்டாம் கினெக்ட் இந்த வகைதான். அதன் ஆழப் படம் 512×424 பிக்சல். ஐஃபோன் புரோ, ஐபேட் புரோ ஆகியவற்றின் லிடாரும் ஒளியின் பயண நேரத்தையே அளக்கிறது. அதிலிருந்து செயலிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆழப் படம் 256×192தான். இந்த வகையில் ஓரங்களில் பறக்கும் பிக்சல்கள் தோன்றும். தோளின் விளிம்பில் ஒரே பிக்சலுக்குள் தோளிலிருந்து வரும் ஒளியும் சுவரிலிருந்து வரும் ஒளியும் கலந்து, இரண்டுக்கும் நடுவில், எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு தொலைவை அது எழுதிவிடும்.

இரண்டாவது வகை, இரு கண் பார்வையைப் போன்ற ஸ்டீரியோ. ரியல்சென்ஸ் டி435 என்ற ஆழக் கேமரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு; இந்த வழிகாட்டியின் கணக்குகள் அதை வைத்தே போடப்பட்டவை. அதில் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு அகச்சிவப்புக் கேமராக்களும், வெற்றுச் சுவரிலும் அடையாளம் கிடைப்பதற்காகப் புள்ளிகளைத் தூவும் ஒரு ஒளிவீச்சியும், தனியே ஒரு நிறக் கேமராவும் உள்ளன. மூன்றாவது வகையில் அளவிடும் கருவியே கிடையாது. சாதாரண வீடியோவிலிருந்து நரம்பியல் வலையமைப்பு ஆழத்தை ஊகிக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஸ்டீரியோவின் கணக்கு எளிது. தொலைவு என்பது குவியத் தொலைவையும் கேமரா இடைவெளியையும் பெருக்கி, இரு படங்களுக்கும் இடையே ஒரு புள்ளி நகர்ந்திருக்கும் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. 848×480 அளவில் டி435இன் குவியத் தொலைவு ஏறத்தாழ 430 பிக்சல். 430ஐ 50ஆல் பெருக்கினால் 21,500. ஆக 1.5 மீட்டரில் உள்ள பொருள் 14 பிக்சல் நகர்ந்திருக்கும். 3 மீட்டரில் உள்ள சுவர் 7 பிக்சல்தான் நகர்ந்திருக்கும். புள்ளிகளைப் பொருத்துவதில் 0.08 பிக்சல் பிழை நேரும் என்று எடுத்துக்கொண்டால், 1.5 மீட்டரில் தொலைவுப் பிழை 8 மில்லிமீட்டர், 3 மீட்டரில் 33 மில்லிமீட்டர். தொலைவு இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகிறது. இந்த ஒரு உறவைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும்.

படி 3: கூடத்தை ஒழுங்குபடுத்துதல்

வாசிப்பவரைக் கேமராவிலிருந்து 1.5 மீட்டரில் பாயில் அமரச் செய்யுங்கள். நிறக் கேமராவின் கிடைப் பார்வைக் கோணம் 69 பாகை என்பதால், அந்தத் தொலைவில் சட்டத்துக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் அகலம் அடங்கும். நாலடிக்கு மேல் நீளும் வீணைக்கு இது தாராளம். பின்சுவர் 3 மீட்டரில் இருக்கட்டும். சுவரையொட்டி உட்கார்ந்தால் முதுகுக்கும் சுவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் அளவிடும் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். பாயைக் கூடத்தின் நடுவுக்கு இழுப்பது எந்த மென்பொருளும் தராத பலனைத் தரும்.

மேலே மின்விசிறி ஓடினால் திரைச்சீலை அசையும். அசையும் திரைச்சீலை ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு தொலைவைக் காட்டும். திரைச்சீலையைக் கழற்றுங்கள், அல்லது முடிந்து கட்டுங்கள். விசிறியையும் நிறுத்திவிடுவது நல்லது. முந்தானையும் நெற்றி முடியும் பறக்காமல் இருக்கும்.

வெயில் நேராக விழும் ஜன்னலை மூடிவிடுங்கள். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். ஒளிவீச்சியின் புள்ளிகள் அதில் கரைந்துபோகும். குழல் விளக்கின் கீழ் எடுப்பதானால், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நிறக் கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வெளிச்சம் துடிக்கும், அந்தத் துடிப்பு ஓரங்களிலும் தெரியும்.

கருங்கூந்தல் அகச்சிவப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆழப் படத்தில் தலையின் மேற்புறம் கடித்து எடுத்ததைப் போல இருக்கும். ஜரிகைக் கரையும் வீணையின் மெருகேற்றிய பலாமரக் குடமும் இதற்கு நேரெதிர். ஒளியைக் கண்ணாடிபோல் ஒரே திசையில் திருப்பிவிடுவதால் அங்கங்கே வெற்றுத் துளைகள் விழும். கேமராவை ஒரு சாண் மேலே தூக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் குடத்தின் பளபளப்பு பெரும்பாலும் விலகிவிடும். பின்சுவரின் நிறத்தையும் கவனியுங்கள். சுண்ணாம்பு வெள்ளைச் சுவருக்கு முன்னால் மல்லிகைச் சரம் சூடியவர் அமர்ந்தால், ஆழமும் கைவிடும், நிறமும் கைவிடும். சுவரில் தலைமட்டத்துக்கு ஒரு சாம்பல் அல்லது நீலப் போர்வையை மாட்டினால் போதும். சுருக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

படி 4: கேமராவைப் பூட்டுதல்

வெளிச்ச அளவு, வெண்மைச் சமநிலை, குவியம் எதுவும் தானாக மாறக்கூடாது. தானியங்கி அமைப்பைச் சில நொடிகள் ஓடவிட்டு, அது எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணைக் கையால் பூட்டிவிடுங்கள். ஆழத்தை 848×480, நிறத்தை 1920×1080, இரண்டையும் நொடிக்கு 30 ஃபிரேம் என்று வையுங்கள். இரண்டின் வேகமும் வேறுபட்டால் பிறகு சீர்செய்வது கடினம்.

இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினாலும் முழுப் பொருத்தம் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டி435இன் ஆழக் கேமராக்கள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கின்றன. நிறக் கேமரா வரிவரியாகப் பிடிக்கிறது. தந்தியை மீட்டும் கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்ந்து, இரு படங்களுக்கும் இடையே 16 மில்லிநொடி வித்தியாசம் இருந்தால், கை 16 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். நிறப் படத்தில் அது ஏறத்தாழ 15 பிக்சல். கைவிரல்களைச் சுற்றி மட்டும் ஓரம் வழுக்கினால் காரணம் இதுதான்; அமைப்புகளைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம், படி 8இல் அதற்கு வழி இருக்கிறது.

படி 5: வெற்றுக் கூடத்தைப் பதிவு செய்தல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பலன் தருவதும் இதுதான். வாசிப்பவர் வந்து அமர்வதற்கு முன், பாய் மட்டும் விரித்த நிலையில், பத்து நொடிகள் வெற்றுக் கூடத்தைப் பதிவு செய்யுங்கள். ஆழமும் வேண்டும், நிறமும் வேண்டும். அதன் பிறகு கேமராவைத் தொடவே கூடாது. தாங்கியின் கால்களைத் தரையில் ஒட்டுப்பட்டையால் ஒட்டிவிடுவது என் வழக்கம்.

படி 6: ஆழத்தைக் கெடாமல் சேமித்தல்

ஆழப் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் 16 பிட் எண். டி435இல் இயல்பாக ஓர் எண் ஒரு மில்லிமீட்டரைக் குறிக்கும், பூஜ்யம் என்றால் அளவு கிடைக்கவில்லை என்று பொருள். ஒரு ஃபிரேம் எட்டு லட்சத்துச் சொச்சம் பைட். நொடிக்கு 24 மெகாபைட். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கிகாபைட். இந்த அளவைப் பார்த்துப் பயந்து, முதன்முதலில் நான் ஆழத்தைச் சாதாரண 8 பிட் சாம்பல் வீடியோவாகச் சுருக்கிச் சேமித்தேன். நான்கு மீட்டரை 256 படிகளாக்கினால் ஒரு படி 15 மில்லிமீட்டருக்கு மேல் வரும். போதாததற்கு, வீடியோச் சுருக்கம் விளிம்புகளைத்தான் முதலில் மழுக்கும். ஒரு பிற்பகல் முழுதும் எடுத்த பதிவு வீணாயிற்று. ரியல்சென்ஸ் மென்பொருளின் பேக் (.bag) கோப்பாகவோ, ஒவ்வொரு ஃபிரேமையும் 16 பிட் பிஎன்ஜி படமாகவோ சேமியுங்கள். வட்டில் இடம் இல்லையென்றால் ஐந்து நிமிடத் துண்டுகளாக எடுங்கள்.

படி 7: சுத்தம் செய்து நிறப் படத்தோடு பொருத்துதல்

ரியல்சென்ஸின் இலவச மென்பொருள் தொகுப்பில் ஆழத்தைச் சுத்தம் செய்யும் ஃபில்டர்கள் தயாராகவே உள்ளன. தொலைவை இடப்பெயர்வு அளவாக (படி 2இல் பார்த்த பிக்சல் நகர்வாக) மாற்றி, அண்டைப் பிக்சல்களைப் பார்த்துச் சமன்செய்யும் ஃபில்டரையும், முந்தைய ஃபிரேம்களைப் பார்த்துச் சமன்செய்யும் ஃபில்டரையும் ஓட்டி, மீண்டும் தொலைவாக மாற்றுங்கள். இரண்டாவது ஃபில்டரை மிதமாகவே வையுங்கள். கூட்டினால், கை நகர்ந்துபோன இடத்தில் அதன் பேய்போல ஒரு நிழல் சில ஃபிரேம்களுக்குத் தங்கும். துளைகளை நிரப்பும் ஃபில்டரை முற்றிலும் அணைத்துவிடுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுதிவிடும் ஒரு ஃபில்டர், இந்த வேலையில் உதவியை விடக் கேடே அதிகம் செய்யும்.

ஃபில்டர்கள் முடிந்த பிறகே ஆழப் படத்தை நிறப் படத்தின் பார்வைக்கு மாற்றிப் பொருத்த வேண்டும். பொருத்திய படத்தை நிறப் படத்தின் மேல் பாதி ஒளி ஊடுருவ வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் இடப்பக்கமாக, குடத்தின் இடது ஓரத்திலும், முகத்தின் இடது கன்னத்தையொட்டியும் ஒரு கரும்பட்டை தெரியும். வலது ஓரங்களில் அந்தப் பட்டை இராது. கேமரா பழுதல்ல. இடது அகச்சிவப்புக் கேமரா, குடத்துக்கு இடப்பக்கம் உள்ள சுவரைப் பார்க்கிறது. வலது கேமராவுக்கு அதே சுவர்ப்பகுதி குடத்தால் மறைந்திருக்கிறது. ஒரு கண்ணுக்கு மட்டும் தெரிவதற்குத் தொலைவு கணக்கிட முடியாது. நம் அமைப்பில் அந்தப் பட்டை ஆழப் படத்தில் 7 பிக்சல். நிறப் படத்தில் 20 முதல் 30 பிக்சல் வரை வரும்.

இதே காரணத்தால்தான் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே சுவர் தெரியும் சின்ன இடைவெளிகள் தொல்லை தருகின்றன. 1.5 மீட்டரில் 25 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளி வழியாக 3 மீட்டர் தொலைவில் உள்ள சுவரை இரு கண்களும் ஒருசேரப் பார்க்கவே முடியாது. அந்த இடம் எப்போதும் பூஜ்யமாகவே வரும். குடத்தின் பளபளப்பும் பூஜ்யமாகத்தான் வருகிறது. ஒன்று பின்னணி, மற்றது முன்பொருள். ஆழப் படத்தில் இரண்டுக்கும் ஒரே முகம்.

படி 8: மூன்று மண்டலங்களாகப் பிரித்தல்

வெற்றுக் கூடத்தின் பதிவிலிருந்து ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆழத்தின் இடைநிலை மதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் ஒன்றிரண்டு தவறான அளவுகள் மொத்தத்தையும் இழுத்துவிடும். அதோடு வெற்றுக் கூடத்தின் சராசரி நிறப் படத்தையும் எடுத்து வையுங்கள்.

இனி ஒவ்வொரு ஃபிரேமிலும், ஒரு பிக்சலின் ஆழம் வெற்றுக் கூடத்தின் ஆழத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தால் அது முன்பொருள். குறிப்பிடத்தக்க அளவு என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. படி 2இல் பார்த்த பிழையின் நான்கு மடங்கை வரம்பாக வைத்தால், சுவர் இருக்கும் 3 மீட்டரில் வரம்பு 13 சென்டிமீட்டர். பாய் இருக்கும் 1.5 மீட்டரில் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. முழுப் படத்துக்கும் ஒரே வரம்பை வைப்பவர்கள் சுவரில் இரைச்சலையும் பாயில் காணாமல்போன கால்களையும் ஒருசேரப் பெறுவார்கள்.

கால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சம்மணமிட்ட கால் பாயைத் தொடும் கோட்டில் காலின் ஆழமும் பாயின் ஆழமும் ஒன்றே; அங்கே எந்த வரம்பும் உதவாது. என் தீர்வு சற்றுச் சோம்பேறித்தனமானது, ஆனால் ஒருபோதும் ஏமாற்றியதில்லை: பாயையும் சேர்த்து வெட்டுங்கள். பாய் நகர்வதில்லை, அதன் நான்கு மூலைகளைக் கையால் ஒருமுறை குறித்து அந்தப் பகுதியை நிரந்தர முன்பொருளாக அறிவித்துவிடலாம். குடமும் கால்களும் பாயில் விழுத்தும் நிழல் அப்படியே கிடைப்பதால், புதிய பின்னணியில் உருவம் அந்தரத்தில் மிதப்பதைப் போலத் தோன்றாது.

முன்பொருள் எது என்று காட்டும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மாஸ்க் என்று பெயர். கிடைத்த மாஸ்க்கில் தனித்து நிற்கும் சிறு புள்ளிகளை நீக்கி, மிகப்பெரிய இணைந்த பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை மூன்று மண்டலங்களாக்குங்கள். மாஸ்க்கை உட்புறமாக 8 பிக்சல் அரித்தால் மிஞ்சுவது உறுதியான முன்பொருள். வெளிப்புறமாக விரித்தால் அதற்கு அப்பால் இருப்பது உறுதியான பின்னணி. நடுவில் இருக்கும் பட்டை, தெரியாத மண்டலம். வெளிப்புற விரிவை எல்லாத் திசைகளிலும் சமமாகச் செய்யாதீர்கள். இடப்பக்கம் 30 பிக்சல், மற்றப் பக்கங்களில் 12 பிக்சல் என்று வையுங்கள். முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டு நிறம் வேகமாக மாறியிருக்கும் இடங்களில், அதாவது மீட்டும் கையைச் சுற்றி, எல்லாப் பக்கமும் 20 பிக்சலாவது விரியுங்கள். தலைக்கு மேலே இன்னும் தாராளமாக விரியுங்கள். கூந்தல் தொலைந்தது அங்கேதான். உருவத்துக்குள் வரும் பூஜ்யங்கள் எல்லாவற்றையும் தெரியாத மண்டலத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

வீணையின் தந்திகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 1.5 மீட்டரில் ஆழப் படத்தின் ஒரு பிக்சல் மூன்றரை மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரும் இல்லாத தந்தியை அது பார்க்கவே போவதில்லை. ஆனால் கேமராவின் பார்வையில் தந்திகள் பெரும்பாலும் தண்டிக்கோ மெட்டுகளுக்கோ சேலைக்கோ முன்னால்தான் தெரிகின்றன; ஆதலால் அவை உறுதியான முன்பொருளுக்குள் தாமாகவே அடங்கிவிடும்.

படி 9: தெரியாத மண்டலத்தில் நிறத்திடம் கேட்டல்

முதலில் எளிய கேள்வி: இந்தப் பிக்சலின் நிறம், வெற்றுக் கூடத்தின் நிறப் படத்தில் அதே இடத்தில் இருந்த நிறத்தோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் அது சுவர். முழங்கை இடைவெளியில் சுவரின் நிறம் தெரியும், குடத்தின் பளபளப்பில் தெரியாது. ஆழத்தால் பிரிக்க முடியாத அந்த இரண்டு பூஜ்யங்களும் இங்கே பிரிந்துவிடும். ஒப்பிடும்போது வெளிச்சத்தை விட நிறச் சாயலுக்கு அதிக எடை கொடுங்கள். வாசிப்பவரின் நிழல் சுவரில் விழுந்து அதை இருட்டாக்கியிருக்கலாம்.

மிச்சமிருக்கும் பிக்சல்களுக்கு மேட்டிங் கணக்கு. ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு பங்கு முன்பொருள் என்பதைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணாகக் கண்டுபிடிப்பதே மேட்டிங். அந்த எண்ணுக்கு ஆல்பா என்று பெயர். விரைவான வழி, கைமிங் ஹேயும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட வழிகாட்டும் ஃபில்டர். நிறப் படத்தின் விளிம்புகளை வழிகாட்டியாக வைத்து முரட்டு மாஸ்க்கை அது இழைத்துக் கொடுக்கும். ஓபன்சிவி என்ற இலவசப் பட நிரல் தொகுப்பின் கூடுதல் பகுதியில் இது இருக்கிறது. நிதானமான வழி, 2006இல் அனத் லெவினும் வேறு இருவரும் முன்வைத்த நேரடித் தீர்வு முறை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியையே தீர்க்கிறது. பைத்தானில் பைமேட்டிங் என்ற தொகுப்பு இதைச் செய்யும். தோள், கை, வீணை ஆகியவற்றுக்கு முதல் வழியே போதும். கூந்தலுக்கும் மல்லிகைச் சரத்துக்கும் இரண்டாவதை மட்டுமே நம்புகிறேன். தலைப்பகுதியை மட்டும் தனியே வெட்டி இரண்டாவது வழியில் கொடுத்தால் கணினி இரவு முழுவதும் உழைக்க வேண்டியதில்லை.

ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆல்பா துடித்தால், தெரியாத மண்டலத்தில் மட்டும், அதுவும் நிறம் மாறாத பிக்சல்களில் மட்டும், முந்தைய ஃபிரேமின் ஆல்பாவோடு கலந்து சமன்செய்யுங்கள். புதியதற்கு 0.6, பழையதற்கு 0.4 என்ற விகிதத்தில் தொடங்கலாம்.

படி 10: பழைய சுவரின் கறையை நீக்கி ஒட்டுதல்

ஆல்பா சரியாக வந்த பிறகும் கூந்தலைச் சுற்றி வெளிர் வளையம் தெரிகிறது என்றால், சுவரின் நிறம் இன்னும் அந்தப் பிக்சல்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு பிக்சலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூந்தலின் உண்மையான அளவு 30, வெளிர் சுவர் 220, ஆல்பா 0.5 என்றால், கேமரா பதிவு செய்தது 125. அந்த 125ஐயே முன்பொருளாக வைத்து 20 அளவுள்ள இருண்ட பின்னணியில் ஒட்டினால், பாதி 125, பாதி 20 சேர்ந்து ஏறத்தாழ 72 வரும். வர வேண்டியதோ பாதி 30, பாதி 20 சேர்ந்த 25. சுற்றிலும் 25ஆக இருக்கும் இடத்தில் 72 ஒளிவட்டம்போல மின்னத்தானே செய்யும்.

ஆகவே ஒட்டுவதற்கு முன் முன்பொருளின் தூய நிறத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். வெற்றுக் கூடத்தின் நிறப் படம் கையில் இருப்பதால் இது நமக்கு எளிது: பதிவான மதிப்பிலிருந்து சுவரின் பங்கைக் கழித்து, மீதியை ஆல்பாவால் வகுக்க வேண்டும். மேலே உள்ள எண்களில், 125இலிருந்து 110ஐக் கழித்தால் 15, அதை 0.5ஆல் வகுத்தால் 30. ஆல்பா மிகச் சிறிதாக இருக்கும் பிக்சல்களில் இந்த வகுத்தல் கட்டுக்கடங்காமல் போகும், ஆல்பா 0.1க்குக் கீழே இருந்தால் பக்கத்தில் உள்ள உறுதியான முன்பொருளின் நிறத்தைக் கடன் வாங்குங்கள். இந்தக் கணக்குகள் அனைத்தையும் நேரியல் ஒளி அளவில், அதாவது எண் இரட்டித்தால் ஒளியும் இரட்டிக்கும் அளவில், செய்து, முடிவில்தான் திரைக்கான அளவுக்கு மாற்ற வேண்டும்.

ஆழக் கேமரா இல்லாமல் எடுத்த பழைய பதிவுகள்

ஏற்கெனவே எடுத்த சாதாரண வீடியோ மட்டுமே இருந்தால், 2019இல் வந்த மைடாஸ், 2024இல் வந்த டெப்த் எனிதிங் போன்ற வலையமைப்புகள் ஆழத்தை ஊகித்துத் தரும். இவற்றின் ஆழப் படம் ஓரங்களில் பெரும்பாலும் அளவிடும் கருவியின் படத்தைவிட அழகாகவே இருக்கும். முதல் பார்வையில் ஏமாந்துவிடக் கூடாது. இவற்றின் அடிப்படை வடிவம் தருவது மீட்டர் அளவல்ல. எது அருகில், எது தொலைவில் என்ற ஒப்பீட்டு மதிப்பு மட்டுமே, அதுவும் தலைகீழாக, அருகில் இருப்பதற்குப் பெரிய எண். ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அளவுகோல் சற்று நகரும். அசையாத சுவர்ப்பகுதி ஒன்றையும் பாய்ப்பகுதி ஒன்றையும் குறித்துவைத்து, எல்லா ஃபிரேம்களிலும் அவற்றின் மதிப்பு ஒன்றாக வரும்படி பெருக்கியும் கூட்டியும் சரிசெய்தால் நகர்வு பெருமளவு அடங்கும்.

இவை படத்தைப் பார்த்து ஊகிப்பவை என்பதால், படத்துக்குள் படம் இருந்தால் குழம்பும். சுவரில் மாட்டிய தியாகராஜர் படத்தில் அவருடைய தம்புரா சுவரைவிட முன்னால் துருத்திக்கொண்டிருப்பதாக ஆழம் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நிலைக்கண்ணாடி இருந்தால் அதற்குள் இன்னொரு கூடமே திறந்துகொள்ளும். அத்தகைய இடங்களைக் கையால் மறைத்துவிட்டு, படி 8இலிருந்து அதே முறையில் தொடரலாம். பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ ஆள் இல்லாத சில நொடிகள் இருந்தால் வெட்டி எறியாதீர்கள். வெற்றுக் கூடத்தின் நிறப் படம் உங்களுக்கு அங்கேதான் கிடைக்கும்.

முடிவைச் சரிபார்த்தல்

இறுதிப் பின்னணியில் வைத்துச் சரிபார்ப்பது வீண். அழகான பின்னணி குறைகளை மறைத்துவிடும். அடர் இளஞ்சிவப்பு நிறத் தட்டையான பின்னணியில் வைத்து, பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஆல்பாவை மட்டும் சாம்பல் படமாக ஓட்டுங்கள். உடலுக்குள்ளும் வீணைக்குள்ளும் சாம்பல் தெரிந்தால் அங்கே பின்னணி கசிகிறது.

கண் போக வேண்டிய இடங்கள் நான்கு. இடது கன்னமும் குடத்தின் இடது விளிம்பும் ஒன்று. அங்கே மினுமினுப்பு இருந்தால் இடப்பக்க விரிவைக் கூட்டுங்கள். முழங்கை இடைவெளி இரண்டாவது. அது திறந்து மூடினால் நிற ஒப்பீட்டின் வரம்பைத் தளர்த்துங்கள். சுரைக்குடுக்கையின் கீழே தொடையைத் தொடும் இடம் மூன்றாவது. அங்கே பொதுவாகத் தொல்லை வராது, வந்தால் துளை நிரப்பும் ஃபில்டர் எங்கோ அணைக்கப்படாமல் இருக்கிறது. நான்காவது, உச்சந்தலை. அங்கே எதைத் திருகியும் சரியாகவில்லை என்றால், மென்பொருளை மூடிவிட்டுச் சுவரில் மாட்டிய போர்வையின் நிறத்தை மாற்றி, வெற்றுக் கூடத்திலிருந்து மறுபடி பதிவு செய்யுங்கள்; அரை நாள் மேட்டிங் வேலையை விட அரை மணி நேர மறுபதிவு மலிவு.